பதினான்காம் நம்பர் வசனம்

போன மாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு டிப்ளோமா வகுப்புக்குப் பேசக் கூப்பிட்டார்கள். முன்பள்ளிக் கல்வி படிக்கிற பிள்ளைகள், முப்பது பேர் இருக்கும். தலைப்பு, "இந்தத் துறையில் உங்களுக்கு எத்தனை வாசல்கள்?" சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஆசிரியை, பாடத்திட்டம் அமைப்பவர், பெற்றோருக்கு ஆலோசகர், போனில் பிள்ளைகள் விளையாடுகிற செயலிக்குக் கதை எழுதுபவர் என்று இப்படியே ஒன்பது வாசல். இருபத்தாறு வருஷத்தில் நான் கண்டது இரண்டே வாசல். ஒன்று கொட்டாஞ்சேனையில், மற்றது வெள்ளவத்தையில். இரண்டிலும் மழை பெய்தால் கணுக்கால் மட்டும் தண்ணீர் நிற்கும்.

கடைசியில் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், இந்த ஃபீல்டுக்கு ஆக முக்கியமான ஸ்கில் என்ன?" என்று கேட்டாள். "பொறுமை" என்றேன். முப்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பூச்செண்டு கொடுத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்த பிறகு வேறு என்னத்தைச் சொல்வது? அங்கே சொல்லாமல் விட்டதை வீட்டுக்கு வந்து இப்போது எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. எனக்கு வங்கியில் வேலை செய்யத்தான் விருப்பம். ஏஎல் பரீட்சை ரிசல்ட் வந்தபோது வங்கிக்கு என்மேல் அந்த விருப்பம் இல்லை என்று தெரிந்தது. எங்கள் பங்குக் கோயிலில் இருந்த சிஸ்டர் ஒருவர், "ஸ்டெல்லா, உனக்கு நல்லாப் பாட வரும், நர்சரிக்கு வாவன்" என்றார். போனேன். நான்கு வருஷம் கொட்டாஞ்சேனையில் பாடினேன். சனிக்கிழமைகளில் டிப்ளோமா படித்தேன். ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, முட்டைப் பெட்டியில் முதலை, காலுறையில் பொம்மை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் குப்பை என்று ஒன்றை எறிய நான் யாரையும் விட்டதில்லை.

அந்தப் படிப்பில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். அவதானிப்புக் குறிப்பு எழுதுவது. சொல்லித்தந்த விரிவுரையாளர் ஒல்லியான, கோபக்காரப் பெண்மணி. "பிள்ளை சோம்பேறி எண்டு எழுதாதையுங்கோ. அது உங்கட அபிப்பிராயம். எத்தினை மணிக்கு, எங்க நிண்டது, என்ன செய்தது, என்ன சொன்னது. அவ்வளவும்தான். உங்கட மூக்கை உள்ளுக்கு விடாதையுங்கோ" என்பார். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். அதை இங்கே சொல்லவேண்டி இருக்கிறது, பின்னால் விளங்கும்.

பிறகு வெள்ளவத்தை. அங்கே முன்பள்ளி நடத்தியவரை நாங்கள் பெரிய மிஸ் என்போம். காலை ஏழே காலுக்குக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு கேற்றில் நிற்பார். காரில் வருகிற டொக்டர் அம்மாவுக்கு ஆங்கிலம், த்ரீவீல்காரருக்குச் சிங்களம், கடைக்காரர் மனைவிக்குத் தமிழ். ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி தயாராக இருக்கும். யாரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு சொல்தான் வைத்திருந்தார்: "லவ்லி." நாங்கள் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் அது பாராட்டு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னால் கழற்றிவிட்டு மறுபடியும் ஒட்டவேண்டும். புதிதாக வருகிற டீச்சர்மாருக்கு இந்த வித்தியாசம் பிடிபட ஆறு மாதம் செல்லும். சிலர் பிடிபடாமலே கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டார்கள்.

நாங்கள் எழுதுகிற ரிப்போர்ட்டுகளைப் பென்சிலும் கையுமாக இருந்து வாசிப்பார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். இங்கே தமிழில் சொல்கிறேன். "அழுகிறான்" என்று எழுதினால் வெட்டிவிட்டு "உணர்ச்சிகளைத் தயங்காமல் வெளிப்படுத்துகிறான்" என்று போடுவார். "அடிக்கிறான்" என்றால் "தலைமைத்துவப் பண்பு தென்படுகிறது." ஒருமுறை பொறுக்கமுடியாமல் "பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான்" என்று எழுதிவிட்டேன். "புதியவற்றை ஐம்புலன்களாலும் ஆராய்கிறான்" என்று திரும்பி வந்தது. கடி வாங்கிய பிள்ளையின் ரிப்போர்ட்டில் "சகிப்புத்தன்மை உள்ளவள்" என்று நானாகவே எழுதினேன். பெரிய மிஸ் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே "லவ்லி" என்றார்.

அன்றிலிருந்து நான் தேறிவிட்டேன். ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு அவதானிப்புக் குறிப்பு எழுதவேண்டும் என்பது சட்டம். வகுப்புக்குப் பிள்ளைகள் முப்பது பேர், டீச்சர்மார் இரண்டு பேர். ஒழுகுகிற மூக்கு, நனைந்த காற்சட்டை, ஆண்டவராலும் திறக்கமுடியாத தண்ணீர்ப் போத்தல், இவற்றுக்கு நடுவில் யார் குறிப்பு எழுதுவது? ஆகவே தவணை முடிவில் ஒரு சனிக்கிழமை எல்லா டீச்சர்மாரும் கூடுவோம். நடுவில் பெட்டிஸ், ரோல்ஸ், பிளேன்டீ. மூன்று மாதக் குறிப்பும் அன்றைக்கே எழுதி முடியும். ஒரு வாரத்துக்கு நீலப் பேனா, அடுத்த வாரத்துக்குக் கறுப்புப் பேனா. ஒரே நாளில் எழுதியது என்று தெரியக்கூடாதல்லவா?

இந்த வேலைக்கென்று தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வைத்திருந்தோம். அதில் நாற்பத்திரண்டு நல்ல வசனங்கள், நம்பர் போட்டு. எல்லாம் என் கையெழுத்து, என் கற்பனை. "ஸ்டெல்லா மிஸ், இந்தப் பிள்ளைக்கு என்ன போடுறது?" என்று சின்ன டீச்சர்மார் கேட்பார்கள். "ஏழும் இருபத்திரண்டும் போடும்" என்பேன், ரோல்ஸை மென்றுகொண்டே. பதினான்காம் நம்பர் வசனம் எல்லாருக்கும் பிடித்தது. "சொல்வதை உன்னிப்பாகக் கேட்டு, அதன்படி செய்கிறாள்." சத்தம் போடாத பிள்ளைக்கெல்லாம் பதினான்கு.

இனி பவித்ராவுக்கு வருகிறேன்.

பவித்ராவின் அம்மா கலா, பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவள். கிராண்ட்பாஸில் வாடகை வீடு. காலி வீதியில் ஒரு சேலைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. மகள் ஆங்கிலம் பேசவேண்டும், அடுத்த வருஷம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டும் என்பதற்காகவே எங்களிடம் சேர்த்திருந்தாள். பிள்ளைக்கு நாலரை வயது. தங்கமான பிள்ளை என்று நாங்கள் எல்லாரும் சொல்வோம். டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கும். மற்றப் பிள்ளைகள் எழும்பினால் எழும்பும், இருந்தால் இருக்கும். "மிஸ்" என்று சொல்ல வராது, "மி" என்றுதான் கூப்பிடும். அது எங்களுக்குச் செல்லமாக இருந்தது. சங்கீதக் கதிரைப் போட்டியில் பாட்டு நின்று எல்லாரும் கதிரை பிடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு இருபதாம் நம்பர் போட்டேன்: "பிறருக்கு விட்டுக்கொடுக்கும் குணம்." ஒழுக்கத்துக்கான வெள்ளிக் கிண்ணமும் அவளுக்குத்தான் கொடுத்தோம்.

முதலாம் தவணையிலேயே கலா கேற்றில் நின்று என்னிடம் கேட்டாள். "டீச்சர், வீட்டுல பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா. டிவியும் சத்தமா வைக்கச் சொல்லி அழுவுறா. காதுல ஏதும் கோளாறா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"சும்மா இரும் கலா. அது பிடிவாதம். இந்த வயசில எல்லாப் பிள்ளையளும் அப்படித்தான். இங்க வந்து பாரும், எவ்வளவு கவனமாக் கேக்கிறா எண்டு" என்றேன். உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து பதினான்காம் நம்பர் வசனத்தைக் காட்டி, தமிழில் சொல்லியும் கொடுத்தேன். கலாவின் முகம் தெளிந்தது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்றாள். நான் பெருமையோடு உள்ளே போனேன். இருபத்தாறு வருஷத்தில் நான் செய்த வேலைகளில் இதைவிடக் கேவலமானது வேறில்லை.

மூன்றாம் தவணையில் எனக்கு இருமல் பிடித்தது. தடிமன், இருமல் உள்ள டீச்சர்மார் மாஸ்க் போடவேண்டும் என்பது பெரிய மிஸ்ஸின் கட்டளை. நான் மாஸ்க் போட்ட அன்றைக்குப் பவித்ரா சொல்வழி கேட்கவில்லை. கதைக்கு வட்டமாக இருக்கச் சொன்னால் நிற்கிறாள். சிவப்புக் கட்டையை எடு என்றால் முழிக்கிறாள். தங்கமான பிள்ளைக்கு என்ன பிடித்தது என்று எனக்கு ஆத்திரம். இரண்டாம் நாள் அவள் நேரே என் மடியில் ஏறி, ஒரு விரலால் மாஸ்க்கைக் கீழே இழுத்து என் வாயைப் பார்த்தாள். நான் ஏற்றிவிட்டேன். அவள் மறுபடியும் இழுத்தாள். அப்போதுதான் கலா கேற்றில் நின்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

மற்ற டீச்சரிடம் வகுப்பை விட்டுவிட்டு, அவளைப் பொம்மைகள் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனேன். கட்டைகளை அடுக்க விட்டேன். முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று, மாஸ்க்கோடு, வழக்கமான குரலில் "பவித்ரா" என்றேன். அசையவில்லை. இன்னும் உரக்க. அசையவில்லை. சாப்பாட்டு மணியைக் கிலுக்கினேன், மெல்ல. கட்டைக்கு மேல் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பலமாக அடித்தபோதுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை எங்கள் வாயையும் மற்றப் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றியிருக்கிறது. நாங்கள் அதற்குக் கிண்ணம் கொடுத்திருக்கிறோம்.

பெரிய மிஸ்ஸிடம் போனேன். முழுவதையும் கேட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, நாங்கள் டொக்டர்மாரோ?"

"இல்ல மிஸ். ஆனா தாய்க்குச் சொல்லத்தானே வேணும்."

"என்னெண்டு சொல்லுவீர்? ரெண்டு தவணையாக் கவனமாக் கேக்கிறா எண்டு நீர்தான் எழுதியிருக்கிறீர். அந்த ரிப்போர்ட் பெரிய பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பத்தோட போயிட்டுது. இப்ப மாத்தி எழுதினால் மற்ற இருபத்தொன்பது பேரின்ர தாய் தகப்பனும் என்ன கேப்பினம்?"

மற்ற இருபத்தொன்பதும் அந்தச் சனிக்கிழமைதான் எழுதப்பட்டவை.

"வருஷக் கடைசிக் கொன்சேர்ட் முடியட்டும். ஜனவரியில அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் கண்டுபிடிப்பினம். பொறுமையா இரும்" என்றார்.

பொறுமையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. கடைசி வரிசையில் இடம். மொக்குப் பிள்ளை என்று பெயர். அதைக் கழுவ ஒரு ஆயுள் போதாது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் நாற்பது வயது தாண்டியவளை எந்த வாசல் எடுக்கும்? அப்படியும் அடுத்த நாள் மதிய இடைவேளையில் சேலைக்கடைக்குப் போனேன்.

கடையின் பின்படிக்கட்டில், பிரிக்காத துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்து கலா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழும்பினாள். "பாப்பாவுக்கு என்னா டீச்சர்?"

"ஒண்டுமில்ல, பயப்படாதீர். கலா, பிள்ளைக்குக் காது சரியாக் கேக்கிறதில்ல. நீர் சொன்னதுதான் சரி."

அவள் நம்பவில்லை. "நல்லா கேக்குறான்னு எழுதியிருக்கீங்களே. நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க?"

"அது நான் பார்த்து எழுதினது இல்ல. ஒரு கொப்பியில இருந்து பார்த்துப் போட்டது. எல்லாப் பிள்ளைக்கும் போடுற வசனம் அது. பொய் கலா."

சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கலா கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள். என்னை ஏசுவாள், கடை முழுக்கக் கேட்கக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவள அடிச்சேன் டீச்சர்," என்றாள். "ஸ்கூல்ல டீச்சர் சொன்னா கேக்குறாளாம், என்கிட்ட மட்டும் திமிருன்னு நெனச்சேன். எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்பலன்னா முதுகுலயே அடிச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பார்த்தத எழுதிக் குடுங்க. பார்த்தத மட்டும் எழுதுங்க," என்றாள். அந்த ஒல்லி விரிவுரையாளர் ஒரு வருஷமாகச் சொன்னதைக் கலா ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். மாஸ்க் போட்டது, மடியில் ஏறியது, மூன்றடி தூரம், எத்தனை தரம் கூப்பிட்டது, மணி. ஆங்கிலத்தில் பத்து வரி. நல்ல குணம், கெட்ட குணம் ஒன்றும் இல்லை. முன்பள்ளியின் பெயர் போட்ட தாளில் எழுத முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி என் பெயரைப் போட்டேன். லீவு எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார். கலா எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கடதாசியையும் கொண்டுவந்திருந்தாள். டொக்டர் என் பத்து வரியை வாசித்துவிட்டு, "இப்படி எழுதுகிற டீச்சர்மார் குறைவு" என்றார். பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே கையெழுத்து," என்றார். "இதில் எது உண்மை?"

கலா என்னைப் பார்த்தாள். நான் வெள்ளைத் தாளைத் தொட்டுக் காட்டினேன். அவர் மற்றதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு காதிலும் குறை, பிறவியிலேயே இருந்திருக்கலாம், கருவி போட்டால் நன்றாகவே கேட்கும் என்று பரிசோதனையில் தெரிந்தது. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம்" என்று டொக்டர் சொன்னதைக் கலாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். மொழிபெயர்த்தேன்.

பெரிய மிஸ் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவர் கெட்டிக்காரி. அந்த மாதமே ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: "செவிப்புலன்: சாதாரணம் / சாதாரணமல்ல." பெற்றோர் கூட்டத்தில் இதை அறிவித்தபோது கைதட்டினார்கள். கொழும்பிலேயே நாங்கள்தான் முதல் என்று அவர் சொன்னதாக ஞாபகம். தவணை முடிவில் மற்ற வகுப்பு டீச்சர்மார் சனிக்கிழமை கூடி, முப்பது பிள்ளைக்கும் "சாதாரணம்" என்று சரி போட்டார்கள். சீஆர் கொப்பியை நான் கிழித்து எறிந்திருந்தேன், ஆனால் எல்லாருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம். என் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பொம்மை அறைக்குக் கூட்டிப்போய்ப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு மண்டை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கொன்சேர்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பவித்ரா கருவியோடு வந்தாள். முதல் நாள் முழுக்க அழுகை. முப்பது பிள்ளைகள் போடுகிற சத்தம் எவ்வளவு பயங்கரம் என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் கருவியைக் கழற்றிச் சோற்றுப் பெட்டிக்குள் புதைத்துவைத்தாள். நான்காம் நாள் மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஜன்னலடியை விட்டு வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பின்னால் நின்று கூப்பிடுவேன். சில நாள் திரும்புவாள், சில நாள் இல்லை. கூப்பிட்டதால் திரும்பினாளா, சும்மா திரும்பினாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

இரண்டாம் கிழமை முடிவில் அவள் மணல் தொட்டியில் தனியாக இருந்தாள். பக்கத்தில் பார்த்துச் செய்ய வேறு பிள்ளை இல்லை. நான் படியில் நின்று, சத்தமே போடாமல், "பவி, விளையாடினது போதும், கை கழுவ வாங்கோ" என்றேன்.

அவள் திரும்பவில்லை. மணலைக் கிண்டிக்கொண்டே, "வரமாட்டேன்," என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும் போல் இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். "ஏலாது மிஸ்," என்றாள். "மிஸ்" முழுதாக வந்தது.

பன்னிரண்டரைக்குக் கலா வந்தாள். படிக்கட்டில் பேசிய நாளுக்குப் பிறகு அவள் என்னோடு தேவைக்குமேல் ஒரு சொல் பேசியதில்லை. பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள், "இன்னைக்கு எப்படி?"

"கை கழுவ வரச் சொன்னனான். வரமாட்டேன் எண்டு சொல்லிட்டா. ரெண்டு தரம்."

கலா நிமிர்ந்தாள். "பின்னாடி நின்னா கூப்பிட்டீங்க?"

"பின்னால நிண்டுதான்."

"நீங்க பார்த்தீங்களா டீச்சர்? உங்க கண்ணால?"

"பார்த்தனான் கலா," என்றேன்.

அவள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டி நாலைந்து அடி போனாள். பிள்ளையின் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நின்றாள். மெல்லிய குரலில், தானே கூப்பிட்டுப் பார்த்தாள்.